இல்லாத பல்லுக்கு ஒரு கோடு

முரங்காலா பொதுப் பல் மருத்துவமனையின் ஈறுப் பிரிவில் சிகிச்சை பெற்ற யாரும் மனக்குறையோடு வீடு திரும்பியதில்லை என்று அதன் ஆண்டறிக்கை சொல்கிறது. உண்மைதான். உள்ளே விட்டால்தானே திரும்புவதற்கு?

முரங்காலாவைச் சுற்றி நானூறு கிலோமீட்டருக்குக் கோதுமையும் ஆடும் தவிர வேறில்லை. அத்தனை பரப்புக்கும் ஈறு நோய்க்கென்று இருந்த ஒரே சிறப்பு மருத்துவர் வென்டி ஹாலரன். பல் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு, அதற்கு மேலும் மூன்று வருஷம் ஈறுக்காகவே படித்தவள். “பல்லைப் பிடுங்கத் தெரிஞ்சா பத்தாதா? அதைச் சுத்தியிருக்கிற சதையைப் படிக்க மூணு வருஷமா?” என்று அவள் அப்பா அந்தக் காலத்தில் கேட்டார். அவர் கோதுமை விவசாயி. “வேலிக் கம்பம் சாயுதுன்னா கம்பமா கெட்டுப்போச்சு? அடிமண்ணு எளகிப்போச்சுப்பா” என்றாள் வென்டி. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இருபத்தொன்பது வயதில் அவள் ஓர் ஆய்வேடு எழுதினாள். ஈறு நோய் வந்தால் ஈறு பல்லை விட்டு விலகும். நடுவில் ஒரு பள்ளம் விழும். மெல்லிய கம்பியை அதற்குள் இறக்கி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று பார்ப்பார்கள். பல் பல்லாகப் பார்த்து, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நோயாளியின் நிலைமை ஒரே எண்ணில் வந்துவிடும் என்று கண்டுபிடித்தவள் வென்டி. அதற்கு ‘ஹாலரன் அளவு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா அதைத் தபால்காரர் வரைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அந்த ஆய்வேட்டின் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில், அளவெடுப்பவர்களுக்கு அவள் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: ‘இல்லாத பல்லுக்கு ஒரு கோடு போட்டுவிடவும். கணக்கில் சேர்க்க வேண்டாம்.’

இல்லாத பல்லை வேறு எப்படித்தான் அளப்பது? சரியாகத்தான் எழுதினாள், பாவம்.

பல வருஷம் கழித்துச் சுகாதாரத் துறை அந்த அளவைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. யார் அளவு பெரிதோ அவருக்கு வரிசையில் முன்னிடம். அளவு குறையக் குறையப் பின்னிடம். எந்த மருத்துவமனையில் சராசரி வேகமாக இறங்குகிறதோ அதற்குப் பரிசு. எல்லாம் நியாயமாகவே இருந்தது. கிளாரன்ஸ் மட்ஜ் வந்து அந்த நாற்காலியில் உட்காரும்வரை வென்டியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் அவரைக் கிளாரி என்பார்கள். ரயில் பாதை பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்து நாலு, மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். படைவீரர் நினைவுத்தூணடியில் வருஷா வருஷம் பியூகிள் என்கிற பித்தளை ஊதுகொம்பை ஊதுபவர் அவர்தான். ஊரில் எந்தப் பழைய சிப்பாயை அடக்கம் செய்தாலும், குழி மூடுமுன் அவர் நின்று அந்தப் பிரியாவிடை இசையை ஊத வேண்டும். இல்லையென்றால் அடக்கம் முடிந்ததாகவே யாரும் நினைக்க மாட்டார்கள்.

முதல் பரிசோதனை எல்லோருக்கும் உண்டு. வரிசை எண் கொடுக்க அளவு வேண்டுமல்லவா? வென்டி கம்பியை இறக்கி எண்களைச் சொல்லச் சொல்ல, செவிலி ரோஸ்லின் எழுதினாள். கடைவாய்ப் பற்களில் ஒன்பது, ஒன்பது, எட்டு. முன்னால் மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டிலும் ஆறு, ஆறு. விரலால் தொட்டால் லேசாக ஆடின.

“பின்னாடி இருக்கிறதெல்லாம் போனாப் போகுது கண்ணு, சூப்பைக் குடிச்சுப் பொழச்சுக்குவேன்” என்றார் கிளாரி. “முன்னாடி ரெண்டு மட்டும் எனக்கு வேணும். பியூகிள் அதுமேலதான் உக்காருது.”

“காப்பாத்தலாம் கிளாரி. உள்ள சுத்தம் பண்ணி, ஈறைப் பிரிச்சு ஒரு சின்ன அறுவை செஞ்சு, பக்கத்துப் பல்லோட சேத்துக் கட்டிட்டா நிக்கும். மூணு தடவை வரணும்.”

“எப்ப வரட்டும்? ஸ்டேனுக்கு நாள் அதிகமில்ல.”

ஸ்டேன் விக்கம், கிளாரியின் அடுத்த வீட்டுக்காரர். இருவரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். வியட்நாம் சண்டைக்கு ஆள் எடுக்கப் பிறந்த தேதிகளைக் குலுக்கிப்போட்டார்களே, அதில் ஸ்டேனின் தேதி விழுந்தது. கிளாரியின் தேதி விழவில்லை. ஸ்டேன் போய்விட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் நான்கு வருஷம் யாரோடும் பேசவில்லை. இப்போது நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் கிடக்கிறார்.

“அவன் போனான். நான் இங்க நின்னு பியூகிள் கத்துக்கிட்டேன்” என்றார் கிளாரி. “அவன் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. ‘என்னைப் பொதைக்கிறப்ப நீதாண்டா ஊதணும், வேற எவனும் ஊதக்கூடாது’ன்னான். சரிடான்னு கையடிச்சுக் குடுத்திருக்கேன். ஐம்பது வருஷத்துல அந்த மனுஷன் வேற எதுவும் கேட்டதில்ல.”

அவர் வெளியே போனதும் ரோஸ்லின் கூட்டிப் பார்த்தாள். பதினாறு பல், சராசரி ஆறு. வரிசை எண் இருநூற்றுப்பன்னிரண்டு. எப்படியும் எட்டு மாசம் ஆகும்.

“வென்டி, முன்பல்லு ரெண்டுக்கும் ஒம்பது போட்டுரட்டுமா? இன்னும் ஒண்ணு ரெண்டு எடத்துல ஏத்திவிட்டா அடுத்த வாரமே கூப்பிட்டுரலாம். யாரு வந்து அளக்கப்போறா?”

“ரோஸ்லின், என் கம்பி இருபத்தாறு வருஷமா அரை மில்லி தப்புச் சொன்னதில்ல.”

“கம்பியைச் சொல்லச் சொல்லல. நாமதான் சொல்லணும்.”

வென்டி முறைத்தாள். ரோஸ்லின் ஆறு, ஆறு என்றே எழுதினாள். அந்த இரண்டு ஆறையும் வென்டி சாகிற வரைக்கும் மறக்கப்போவதில்லை.

இரண்டு மாசம் கழித்து, ஆட்டிறைச்சித் துண்டைக் கடிக்கையில் கிளாரிக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் கழன்று வந்துவிட்டன. மருத்துவமனை அனுப்பிய கடிதத்தில் ‘நிலைமையில் மாற்றம் இருந்தால் ஏழு நாளுக்குள் தெரிவிக்கவும்’ என்று போட்டிருந்தது. ரயில்வேயில் நாற்பது வருஷம் விதிப்படி நடந்த மனுஷர். அன்று மத்தியானமே தொலைபேசியில் தெரிவித்துவிட்டார். ஒன்பது ஆழம் இருந்த பற்கள் இரண்டும் கணக்கிலிருந்து போய் அங்கே கோடு விழுந்தது. ஆறாக இருந்த சராசரி ஐந்தரையாக இறங்கியது. அடுத்த வாரம் பாராட்டுக் கடிதம் வந்தது. ‘தங்கள் ஈறு நலத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். தங்கள் புதிய வரிசை எண் முந்நூற்று நாற்பது.’

“உங்கள யாரு போன் பண்ணச் சொன்னா?” என்று ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள்.

“கடுதாசியில போட்டிருந்துதேம்மா.”

வென்டி கடிதத்தை எடுத்துக்கொண்டு நிர்வாக இயக்குநர் கேவின் ப்ரௌஸிடம் போனாள். இதற்கு முன் பார்சல் கிடங்கு ஒன்றை நடத்திப் பேரெடுத்தவர் அவர். பல்லைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தகுதியாகவே சொல்லிக்கொள்வார்.

“பல்லு விழ விழ அவரு பின்னால போறாரு கேவின். பின்பல்லு இல்லாததால மெல்லுற பாரமெல்லாம் முன்பல்லு மேல வருது. அதுவும் போயிரும்.”

“நீங்க சொல்றது ஒரு மனுஷனோட கஷ்டம். எனக்குப் புரியுது” என்றார் கேவின், கையை நெஞ்சில் வைத்து. “ஆனா ஒவ்வொரு மனுஷனா பாத்து நிர்வாகம் பண்ண முடியாது வென்டி. அப்படிப் பாக்க ஆரம்பிச்சா, எல்லாரும் மனுஷங்களா வந்து நிப்பாங்க.”

அவர் அவளை அளவுப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினார். அப்படி ஒரு குழு இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். அவளுடைய அளவைப் பாதுகாக்கத்தான் அந்தக் குழு. மூன்று பேர், மூன்று தண்ணீர்க் குவளை, நடுவில் அவளுடைய ஆய்வேடு. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தலைவி அதைத் திறக்கும்போது கையுறை மாட்டிக்கொண்டாள்.

“இல்லாத பல்லுக்குக் கோடு, கணக்குல சேக்க வேண்டாம். நூத்திப்பன்னெண்டாம் பக்கம். தெளிவா இருக்கு. இதை எழுதினவங்களோட நோக்கம் என்னன்னு நாங்க ரொம்ப ஆழமா ஆராஞ்சோம்.”

“எழுதினது நான்தாங்க. நானே சொல்றேன், அதை வரிசை போடறதுக்குன்னு எழுதல. அதுக்குப் பயன்படுத்தறது தப்பு.”

தலைவி அவளைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள். “நீங்க இப்ப உணர்ச்சிவசப்பட்டுச் சொல்றீங்க. எழுதினவங்க இருபத்தொம்பது வயசுல ரொம்ப நிதானமா இருந்திருக்காங்க. நாங்க அவங்க பக்கம்தான் நிக்கணும்.”

இன்னொரு உறுப்பினர், சொந்த அளவு சம்பந்தப்பட்ட விஷயத்தில் வென்டி கருத்துச் சொல்வதே முறையில்லை என்று குறிப்பில் ஏற்றச் சொன்னார். ஏற்றினார்கள். வென்டி வெளியே வந்து காரில் ஏறினாள். தான் இளமையில் இத்தனை புத்திசாலியாக இருந்திருக்க வேண்டாமே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை காலையில், யாருக்கும் சொல்லாமல் கிளாரியை மருத்துவமனைக்கு வரச் சொன்னாள். அவர் ரயில்வே கோட்டை மாட்டிக்கொண்டு, முகம் மழித்து, மாமியார் வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளையாட்டம் வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வென்டி கருவி அலமாரியிடம் போனாள். அன்றைய நோயாளியின் வரிசை எண்ணைக் காட்டினால்தான் அது திறக்கும். கிளாரியின் எண்ணைக் காட்டினாள். ‘இந்த நோயாளி முன்னேறி வருகிறார்’ என்று எழுத்து ஓடியது, கதவு திறக்கவில்லை. உதைத்துப் பார்த்தாள். அதற்கும் அதே எழுத்துத்தான்.

கழுத்தில் துணி கட்டி, வாயைத் திறந்தபடி, அவர் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். கடைசியில் அவள் கடையில் விற்கிற சின்னத் தூரிகையை வைத்து, பல் இடுக்குகளைத் தன் கையால் தேய்த்துவிட்டாள். அவள் படித்த மூன்று வருஷப் படிப்பில் அன்று பயன்பட்டது அவ்வளவுதான்.

“பரவால்ல கண்ணு, குளுகுளுன்னு இருக்கு” என்றார் கிளாரி. அவள் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் சடசடவென்று முன்னேறினார். ஐந்தரை ஐந்தானது. ஐந்து நாலேகாலானது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. வரிசை எண் ஐந்நூறைத் தாண்டிய வாரம், வீட்டு வாசலில் பயிற்சிக்காகப் பியூகிளை ஊதியபோது முன்பல் ஒன்று ஊதுவாய்க்குள்ளேயே விழுந்து, கலகலவென்று குழாய்க்குள் ஓடியது. மூன்றாம் நாள், வாட்டிய ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்னும்போது மற்றதும் வந்துவிட்டது. மிச்சம் இருந்த நாலைந்தையும் பொதுப் பிரிவில் ஒரே காலையில் பிடுங்கி அனுப்பினார்கள். அதற்கு மட்டும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

புகையிலை டப்பாவில் அந்த இரண்டு முன்பற்களையும் போட்டு வென்டியிடம் கொண்டுவந்தார். “திருப்பி வைக்க முடியுமான்னு கேக்க வந்தேன்” என்றார். வென்டி டப்பாவை மூடி அவர் கையிலேயே கொடுத்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரோஸ்லின் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

கிளாரியின் தாளில் இப்போது எல்லாமே கோடுதான். சராசரி எடுக்க ஒன்றுமில்லை. கணினி சுழியம் என்றது. சுழியம் என்றால் பூரண குணம். அதற்கு முந்தைய வருஷங்களில் இப்படிக் குணமானவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர் என்று தெரிந்தது. முரங்காலா மருத்துவமனைக்கு மாநிலத்தின் முதல் பரிசு கிடைத்தது.

விழாவுக்குத் தலைநகரிலிருந்து சுகாதாரத் துறைத் துணைச் செயலாளர் அம்மையார் வந்தார். முற்றத்தில் கூடாரம் போட்டு, தேங்காய்த்துருவல் புரட்டிய சாக்லெட் கேக் துண்டுகளை அடுக்கியிருந்தார்கள். மெல்லாமல் விழுங்கக்கூடியதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாகக் கேவின் பெருமையாகச் சொன்னார். பூரண குணமடைந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் கன்னம் உள்ளே போயிருந்தது.

“நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்த வட்டாரத்தோட சராசரி ஆறு. இன்னைக்கு ரெண்டு!” என்று கேவின் மேடையில் முழங்கினார். “இதே வேகத்துல போனா, இன்னும் மூணு வருஷத்துல இந்தப் பக்கத்துல ஒருத்தருக்குக்கூட ஈறு நோய் இருக்காது. ஏன்னா, அது வந்து உக்காரறதுக்கு நாம எடமே வெக்கப்போறதில்ல!”

கைதட்டல் கூடாரத்தைப் பிய்த்தது. அம்மையார் எழுந்து, வரிசையில் காத்திருக்கும் பொறுமைதான் மிகச் சிறந்த மருந்து என்பதை முரங்காலா மக்கள் நாட்டுக்கே நிரூபித்துவிட்டார்கள் என்றார். அப்புறம் வென்டியை மேடைக்கு அழைத்து, கடைவாய்ப்பல் வடிவத்தில் செய்த கண்ணாடிக் கோப்பையைக் கையில் திணித்தார். அவளுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடுப்பில் குழந்தையைப்போல் வைத்துக்கொண்டு நின்றாள்.

சான்றிதழ் வாங்கக் கிளாரியை அழைத்தார்கள். “சிரிங்க ஐயா, படத்துக்கு” என்றார் கேவின். கிளாரி சொன்னபடி சிரித்தார். “பாருங்க இந்த ஈறை! ஒரு வீக்கம் உண்டா, ஒரு சிவப்பு உண்டா?” என்று கேவின் கூட்டத்துக்குக் காட்டினார். உண்மையில் இல்லைதான். பல் போனால் ஈறு ஆறிவிடும். வென்டியைவிட அது நன்றாகத் தெரிந்தவர் யார்?

“ஒரு சந்தேகம்” என்றார் கிளாரி, ஒலிபெருக்கியைப் பார்த்து மரியாதையாக. “எனக்குக் கொணமாயிருச்சுங்கிறீங்க. சந்தோஷம். அப்ப நான் எப்பலேருந்து ஊதலாம்?”

கேவின் குனிந்து வென்டியிடம் விசாரித்தார். பிறகு நிமிர்ந்து, “அது பல்லு சம்பந்தப்பட்ட விஷயம் ஐயா. நாங்க ஈறு. பல்செட்டுக்குத் தனி வரிசை இருக்கு, படிவம் வாசல்ல குடுப்பாங்க” என்றார். கிளாரி நன்றி சொல்லிவிட்டு, வாசலில் நின்று படிவத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஸ்டேன் பல்செட்டுக்காகக் காத்திருக்கவில்லை. விழா முடிந்து பதினோராம் நாள் போய்விட்டார்.

அடக்கம் காலை பதினொரு மணிக்கு. வெயிலும் ஈயும் அனல் காற்றுமாக இருந்தது. படைவீரர் மன்றத்துக்காரர்கள், கிளாரி மனம் நோகக்கூடாதே என்று அவரிடம் ஒன்றும் கேட்காமல், பதிவு செய்த இசையும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் கிளாரி வந்தார். கோட்டும் தொப்பியும் போட்டு, பியூகிளைத் துடைத்துப் பளபளவென்று எடுத்துக்கொண்டு வந்து, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றார். யாரும் வேண்டாமென்று சொல்லத் துணியவில்லை. அவர் பியூகிளை உதட்டில் வைத்தார். மன்றத்துச் செயலாளர் பெட்டியின் பொத்தானை அமுக்கினார்.

இசை எழுந்தது. கிளாரியின் கன்னம் உப்பியது. தூரத்திலிருந்து பார்த்தால் அவர் ஊதுவதாகத்தான் தோன்றும். பாதியில் இசை நின்று, பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், ‘மின்கலம் குறைவாக உள்ளது’ என்று இனிமையாகச் சொல்லிவிட்டு அடங்கியது.

செயலாளர் பெட்டியைத் தட்டினார், குலுக்கினார். கிளாரி நிறுத்தவில்லை. விட்ட இடத்திலிருந்து ஊதிக்கொண்டே இருந்தார். பியூகிளிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. உஸ்ஸென்று, எழுவதும் நிற்பதும் மறுபடி எழுவதுமாக வந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. தாடையில் எச்சில் வழிந்தது. எல்லோரும் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். எது எந்தச் சுரம், எப்போது முடியும் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் பியூகிளை இறக்கிய பிறகுதான் மண் தள்ளினார்கள்.

எல்லோரும் கலைந்தபின் வென்டி அவரிடம் போனாள். 

“அவனுக்குக் கேட்டிருக்காது கண்ணு” என்றார் கிளாரி. பியூகிளைத் தலைகீழாகக் கவிழ்த்து எச்சிலை உதறினார். “கடைசி வரைக்கும் ஊதிட்டேன். ஆனா அவனுக்குக் கேட்டிருக்காது.”

“என்னாலதான் கிளாரி. அன்னைக்கே நான் ரெண்டு நம்பரை மாத்திச் சொல்லியிருந்தா...”

“சேச்சே. நீ என்ன பண்ணுவ? உன் கம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாதே” என்று அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஸ்டேனின் வீட்டுக்கு நாய்க்குச் சோறு வைக்கப் போனார்.

திங்கட்கிழமை முதல் பரிசோதனைக்கு வந்தவள் டெலியா கட்பர்ட் என்ற பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர். வயது நாற்பத்தொன்று. எல்லாப் பல்லும் இருந்தது; ஈறு இப்போதுதான் விலக ஆரம்பித்திருந்தது. இப்போதே சிகிச்சை தொடங்கினால் அத்தனையையும் காப்பாற்றிவிடலாம். வரிசைப்படி பார்த்தால் மூன்று வருஷம் ஆகும்.

வென்டி விளக்கை இறக்கி, கம்பியை உள்ளே விட்டாள். கம்பியில் இருந்த மில்லிக் கோடுகளில் நாலாவதில் நின்றது. அவள் கண்ணுக்கும் அது தெளிவாகத் தெரிந்தது.

“ஒம்பது” என்றாள்.

ரோஸ்லினின் பேனா நின்றது. தலையைத் தூக்கி வென்டியைப் பார்த்தாள்.

“ஒம்பது. எழுது.”

நாற்காலியில் கிடந்த டெலியா எழப் பார்த்தாள். “ஒம்பதா? ரொம்ப மோசமா டாக்டர்?”

“பயப்படாதீங்க, உங்களுக்கு ஒண்ணுமில்ல” என்றாள் வென்டி. கம்பியை அடுத்த பல்லுக்கு நகர்த்தினாள்.  “வாயை நல்லாத் திறங்க. எழுது ரோஸ்லின். அடுத்தது எட்டு.”